வீட்டுக்குப் பக்கத்தில் மதுக்கடை இருந்தால் பிள்ளைகள் குடிப்பார்களா? ஓர் எளிய விளக்கம்

குடியிருப்புப் பகுதிக்குள் புதிதாக மதுக்கடை வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தால் இரண்டு குரல்கள் கேட்கும். "கடை வந்தால் பிள்ளைகள் எல்லாம் கெட்டுப்போய்விடுவார்கள்" என்பது ஒன்று. "குடிக்க நினைக்கிறவன் எங்கே இருந்தாலும் தேடிப் போய்க் குடிப்பான், கடை என்ன செய்யும்?" என்பது மற்றொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் கடையின் வாசலுக்கும் 15 வயதுப் பிள்ளையின் கைக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதை இரண்டு பேருமே யோசிப்பதில்லை.

பல நாடுகளில் ஆராய்ச்சியாளர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்த நடுப்பகுதியைத்தான் துருவிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கண்டதில் முக்கியமானதை, இதைப் பற்றி முதல்முறையாகப் படிப்பவருக்கும் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன். கணக்கு நுணுக்கங்களுக்குள் போகப்போவதில்லை. என் பார்வையை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு பகுதியில் எத்தனை கடை என்று எண்ணுவது ஆரம்பம்தான். மது எத்தனை கை மாறிப் பிள்ளையிடம் வருகிறது, அதில் எந்தக் கை பெரியவர்களுடையது என்பதைப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

## தூரமும் ஒரு விலைதான்

கைப்பேசியை எடுத்துக்கொள்வோம். தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தால், தூக்கம் வருவதற்குள் எத்தனை தடவை எடுத்துப் பார்த்தோம் என்று நமக்கே தெரியாது. அதையே அடுத்த அறையில் சார்ஜ் போட்டுவிட்டு வந்து படுத்தால்? சில இரவுகளில் எழுந்து போவோம். பெரும்பாலான இரவுகளில் 'சரி, காலையில் பார்த்துக்கலாம்' என்று விட்டுவிடுவோம். ஆளும் மாறவில்லை, ஆசையும் குறையவில்லை. நடுவில் பத்தடி தூரம் வந்தது, அவ்வளவுதான்.

ஒரு பொருளை அடைய நாம் கொடுப்பது பணம் மட்டும் இல்லை. நேரம், அலைச்சல், மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் எல்லாம் சேர்ந்துதான் அதன் 'முழு விலை'. கடை பக்கத்தில் வரும்போது பாட்டிலில் ஒட்டியிருக்கும் விலை அப்படியே இருக்கலாம். முழு விலை இறங்கிவிடுகிறது.

இது எல்லாரையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. குடிக்கு அடிமையாகிவிட்ட ஒருவர் எவ்வளவு தூரமானாலும் போவார், எந்த விலையானாலும் கொடுப்பார். 'தேடிப் போய்க் குடிப்பான்' என்ற வாதம் அவரைப் பொறுத்தவரை ஏறக்குறைய சரி. பதின்வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் அந்த நிலையில் இல்லை. அவர்களுடைய குடி சந்தர்ப்பக் குடி. நாலு பேர் கூடியிருக்கிறார்கள், ஒருவனிடம் ஏதோ இருக்கிறது, குடிக்கிறார்கள். இல்லையென்றால் வேறு எதையாவது செய்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். இரவு இத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும், வண்டி கிடையாது, கையில் காசு கம்மி, யாராவது பார்த்துவிட்டால் வீட்டில் தெரிந்துவிடும். பெரியவர்களுக்குப் பொருட்டே இல்லாத இந்தத் தடைகள் 15 வயதில் மலைபோல நிற்கும். அதனால்தான் தடை கொஞ்சம் குறைந்தாலும் அந்த வயதில் அதன் விளைவு அதிகமாகத் தெரிகிறது.

அந்த வயதில் ஏன் இத்தனை அக்கறை என்று கேட்டால், அதற்கும் காரணம் உண்டு. மூளையின் வளர்ச்சி இருபதுகளின் நடுப்பகுதி வரை தொடர்கிறது. முன்யோசனைக்கும் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வதற்கும் பொறுப்பான முன்பகுதிதான் கடைசியாக முதிர்கிறது. அதோடு, சிறுவயதினர் பெரியவர்களைவிடக் குறைந்த நாட்களே குடித்தாலும், குடிக்கும் நாளில் ஒரே மூச்சில் அளவு மீறிக் குடிக்கும் பழக்கம் அவர்களிடம் அதிகம். விபத்தும், தண்ணீரில் மூழ்குவதும், அடிதடியும் நேர்வது அந்த மாதிரி நாட்களில்தான்.

## எளிதில் கிடைப்பது என்றால் என்ன?

'மது எளிதாகக் கிடைக்கிறது' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறோம். அதற்குள் பல விஷயங்கள் கலந்திருக்கின்றன.

முதலாவது, இடமும் நேரமும். ஒரு பகுதியில் எத்தனை கடை, எவ்வளவு பக்கத்தில், எத்தனை மணி வரை திறந்திருக்கிறது என்பது. ஒரு குறிப்பிட்ட பரப்பளவுக்கோ மக்கள்தொகைக்கோ எத்தனை விற்பனை இடங்கள் என்ற கணக்கைக் 'கடை அடர்த்தி' என்கிறார்கள். வாங்கிக்கொண்டு போகும் கடையும், உட்கார்ந்து குடிக்கும் பாரும் இதில் சேரும். ஆனால் பதின்வயதினரைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றல்ல. பாரில் பெரியவர்கள் கண்முன்னால் உட்கார வேண்டும். கடையில் வாங்கிய பாட்டிலை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம்.

இரண்டாவது பணவிலை. அதை விளக்க வேண்டியதில்லை. கையில் காசு குறைவாக உள்ளவர்கள் விலையேற்றத்தை உடனே உணர்வார்கள் என்பது மட்டும் போதும்.

மூன்றாவதுதான் மிக முக்கியம் என்று நினைக்கிறேன். நண்பன், அண்ணன், மாமா, வீட்டு அலமாரி, விருந்து என்று மனிதர்கள் மூலமாகக் கிடைப்பது. இதைச் 'சமூக வழி' என்று சொல்வோம். கடையில் நேரே காசு கொடுத்து வாங்குவது 'வணிக வழி'.

நான்காவதாக மனத்தில் இருப்பது. "இங்கே வாங்குவது ஒன்றும் கஷ்டமில்லை" என்று ஒரு பிள்ளை நினைத்தாலே போதும், முயற்சி செய்துபார்க்கத் தோன்றும். பள்ளிக்குப் போகும் வழியில் நாலு விளம்பரப் பலகையும், மாலையில் கடை முன்னால் கூட்டமும் தினமும் கண்ணில் பட்டால், குடிப்பது எல்லாரும் செய்கிற சாதாரண விஷயம் என்ற எண்ணம் தானாக வேர் விடும்.

சுருக்கமாகச் சொன்னால்: கடை அடர்த்தி என்பது கிடைப்பதன் ஒரு முகம். அது குறைந்தாலும் கூடினாலும் மற்ற மூன்றையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும்.

## பிள்ளைகள்தான் கடைக்கே போவதில்லையே!

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். குழம்புவதும் நியாயம்தான். பெரும்பாலான நாடுகளில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மது விற்கக் கூடாது. அமெரிக்காவில் 21. ஆய்வுகளில் பிள்ளைகளிடமே "எங்கிருந்து கிடைத்தது?" என்று கேட்டாலும், சின்ன வயதில் பெரும்பாலும் வரும் பதில் நண்பர்கள், வீடு, வயதில் மூத்த யாரோ என்பதுதான். நேரே வாங்கினேன் என்பவர்கள் குறைவு. அப்படியானால் கடை எங்கே இருந்தால் என்ன?

பாட்டில் பயணப்படும் பாதையைப் பின்னாலிருந்து பார்த்தால் விடை கிடைக்கும். ஒரு 15 வயதுப் பையன் கையில் பீர் பாட்டில் இருக்கிறது. அவனுக்கு அதைக் கொடுத்தது 17 வயது நண்பன். அந்த நண்பனுக்கு வாங்கிக் கொடுத்தது அவனுடைய 20 வயது அண்ணன். அண்ணன் அதை வாங்கியது வேலை முடிந்து வரும் வழியில் இருக்கும் கடையில். கடை வழியிலேயே இருந்ததால் "அண்ணா, எங்களுக்கும் ரெண்டு" என்ற வேண்டுகோள் அவனுக்குச் சுமையாகத் தெரியவில்லை. கடை ஊருக்கு வெளியே இருந்தால் அதே அண்ணன் "போடா, எனக்கு வேற வேலை இல்லையா" என்றிருப்பான். 15 வயதுப் பையன் கடை வாசலை மிதிக்கவே இல்லை. ஆனாலும் கடையின் தூரம் அவனுக்கு மது கிடைப்பதைத் தீர்மானித்துவிட்டது.

அதேபோல, வீட்டிலும். கடை பக்கத்தில் இருந்தால் பெரியவர்கள் அடிக்கடி வாங்குகிறார்கள், வீட்டில் கொஞ்சம் மிச்சம் எப்போதும் இருக்கிறது. மிச்சம் இருக்கும் பாட்டிலில் இரண்டு வாய் குறைந்தால் யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள்? பெரியவர்களின் குடி கூடும் இடத்தில் சிறியவர்களின் குடியும் கூடுவதற்கு இது ஒரு நேரடியான காரணம்.

நியூசிலாந்தில் இந்தச் சங்கிலி வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. 1999 டிசம்பரில் அங்கே மது வாங்கும் வயதை 20 இலிருந்து 18 ஆகக் குறைத்தார்கள். 18, 19 வயதினரிடம் மாற்றம் வரும் என்பது எதிர்பார்த்ததுதான். ஆனால் பிறகு வந்த ஆய்வில், சட்டம் எந்தச் சலுகையும் கொடுக்காத 15 முதல் 17 வயதினரிடையிலும் சாலை விபத்துக் காயங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தன. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. 16 வயதுப் பிள்ளைக்கு 20 வயதில் நெருங்கிய நண்பர்கள் குறைவு. 18 வயதில் நிறைய பேர் உண்டு. ஒரே பள்ளியில், ஒரே விளையாட்டுக் குழுவில். வாங்கும் வயது இரண்டு ஆண்டு இறங்கியதும் அந்த நண்பர்கள் எல்லாருமே வாங்கித் தரக்கூடியவர்களாகிவிட்டார்கள்.

வணிக வழியும் ஒரேயடியாக மூடியிருப்பதில்லை. 1990களில் அமெரிக்காவில் பார்ப்பதற்குச் சிறுவயதாகத் தோன்றும் இளைஞர்களை அடையாள அட்டை இல்லாமல் கடைக்கு அனுப்பி, கொடுக்கிறார்களா என்று சோதித்துப் பார்த்தார்கள். பல ஊர்களில் ஏறத்தாழப் பாதி முயற்சிகளில் மது கிடைத்துவிட்டது. இப்போது கடை அடர்த்தியை இதோடு சேர்த்துப் பாருங்கள். பக்கத்தில் இரண்டு கடை இருந்து இரண்டும் மறுத்தால் கதை முடிந்தது. பத்துக் கடை இருந்தால், ஒன்பது கடைக்காரர்கள் ஒழுங்காக இருந்தும் பயனில்லை. கண்டுகொள்ளாத ஒருவர் போதும், அந்தத் தகவல் மறுநாளே பள்ளி முழுக்கப் பரவிவிடும். கடைகள் நெருக்கிக்கொண்டு நிற்கும்போது போட்டியும் கூடும். விலையைக் குறைப்பார்கள், நேரத்தை நீட்டிப்பார்கள், வந்த வாடிக்கையாளரை வயது கேட்டுத் திருப்பி அனுப்ப யோசிப்பார்கள்.

இதுவரை பார்த்ததைக் கோத்துக்கொள்வோம். கடை அடர்த்தி பிள்ளையைப் பெரும்பாலும் நேரடியாகத் தொடுவதில்லை. மூத்த நண்பர்கள், வீட்டு இருப்பு, கண்டுகொள்ளாத கடைக்காரர், 'எல்லாரும் குடிக்கிறார்கள்' என்ற எண்ணம் ஆகியவற்றின் வழியாகத் தொடுகிறது.

## வரைபடத்தில் புள்ளி வைத்தால் போதுமா?

ஒரு நகரத்தின் வரைபடத்தில் மதுக்கடைகளுக்குச் சிவப்புப் புள்ளியும், குடிக்கும் பிள்ளைகள் அதிகமுள்ள இடங்களுக்கு நீலப் புள்ளியும் வைத்தால் இரண்டும் பல இடங்களில் பக்கத்தில் பக்கத்தில் விழும். உடனே "பார்த்தீர்களா, கடைதான் காரணம்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

ஏனென்றால் கடை வைப்பவர் கண்ணை மூடிக்கொண்டு இடம் தேர்ந்தெடுப்பதில்லை. ஏற்கெனவே குடிப்பவர்கள் அதிகம் உள்ள இடம், வாடகை குறைவான இடம், எதிர்ப்புத் தெரிவிக்க ஆள்பலமும் அரசியல் செல்வாக்கும் இல்லாத இடம் பார்த்துத்தான் வைப்பார். பல நாடுகளில் ஏழைகள் வாழும் பகுதிகளில் கடை அடர்த்தி அதிகமாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அங்கே பிள்ளைகளுக்கு விளையாட்டு மைதானம் இருக்காது, பெற்றோர் இருவரும் இரவு வரை வேலைக்குப் போயிருப்பார்கள். இப்படிப் பின்னால் நின்றுகொண்டு இரண்டையும் ஒரே சமயத்தில் மாற்றும் விஷயத்தைக் 'குழப்பும் காரணி' என்கிறார்கள். அதைக் கழித்துப் பார்க்காமல் கடையை மட்டும் குற்றம் சொன்னாலும் தப்பு, கடையை விடுவித்தாலும் தப்பு.

இதனால்தான் உலகம் முழுக்க வந்த அடர்த்தி ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் பதின்வயதினர் பற்றிய முடிவுகள் முன்னும் பின்னுமாக இருக்கின்றன. சிலவற்றில் தெளிவான தொடர்பு, சிலவற்றில் மெல்லிய தொடர்பு, சிலவற்றில் ஒன்றுமில்லை. கடை அடர்த்திக்கும் பெரியவர்களிடையே நடக்கும் வன்முறைக்கும் உள்ள தொடர்பு இதைவிட உறுதியாகத் தெரிகிறது. இதை மறைத்துவிட்டு "விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது" என்று முழங்குவது பிள்ளைகளுக்கு நல்லது செய்வதாகாது. ஒருநாள் யாராவது எதிரான ஆய்வைக் காட்டினால் மொத்த வாதமும் சரிந்துவிடும்.

அப்புறம் எப்படித்தான் தெரிந்துகொள்வது? பாதி ஊருக்குக் கடையைத் திறந்து, பாதி ஊருக்கு மூடி, யாரும் சோதனை நடத்த முடியாது. ஆனால் அரசாங்கங்கள் சில சமயம் தங்களுக்கே தெரியாமல் அப்படிச் செய்துவிடுகின்றன. ஒரு சட்டம் ஓர் இடத்தில் திடீரென மாறுகிறது, பக்கத்து இடத்தில் மாறவில்லை. மக்கள் அதே மக்கள், வறுமை அதே வறுமை, மது கிடைக்கும் விதம் மட்டும் மாறியிருக்கிறது. இதை 'இயற்கைச் சோதனை' என்கிறார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் சான்றுகள் இப்படி வந்தவைதான்.

## ஸ்வீடனில் எட்டரை மாதம்

ஸ்வீடனில் மது விற்பனை சிஸ்டெம்போலாகெட் என்ற அரசு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 1967 இல் வீரியமான பீர் வேண்டுமென்றால் அந்தக் கடைக்குத்தான் போக வேண்டும், 21 வயது ஆகியிருக்க வேண்டும். அந்த ஆண்டு நவம்பரில் இரண்டு மாகாணங்களில் மட்டும் ஒரு பரீட்சார்த்தத் திட்டம் தொடங்கியது. வீரியமான பீரைச் சாதாரண மளிகைக் கடைகளிலும் விற்கலாம். மக்கள் கடும் மதுவை விட்டுவிட்டு பீர் பக்கம் வருவார்கள், மொத்தத்தில் நல்லது என்ற எதிர்பார்ப்பு அன்று இருந்தது.

நடந்தது வேறு. காய்கறியும் ரொட்டியும் வாங்கும் கடையிலேயே பீர் வந்துவிட்டது. 21 வயது என்ற கட்டுப்பாடு மளிகைக் கடைகளில் இல்லாததால், 16 வயதுப் பிள்ளைகூட வாங்கக்கூடிய நிலை ஏற்பட்டது. அந்த மாகாணங்களில் வீரிய பீரின் விற்பனை பல மடங்கு எகிறியது. குறிப்பாக இளைஞர்கள் கண்டபடி குடிக்கிறார்கள் என்ற புகார்கள் குவிந்தன. 1968 கடைசி வரை நடக்க வேண்டிய திட்டத்தை அந்த ஆண்டு ஜூலையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இந்தக் கதை அதோடு முடியவில்லை. பல பத்தாண்டுகள் கழித்துப் பீட்டர் நில்சன் என்ற பொருளியல் அறிஞர் பழைய பதிவேடுகளை எடுத்தார். அந்த எட்டரை மாதத்தில் அந்த மாகாணங்களில் கருவில் இருந்த குழந்தைகள் வளர்ந்து என்ன ஆனார்கள் என்று பார்த்தார். 2017 இல் வெளியான அவருடைய ஆய்வில், அந்தக் காலத்தில் 21 வயது ஆகாத தாய்மார்களுக்குப் பிறந்தவர்கள் படிப்பிலும் வருமானத்திலும் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள். 21 வயதுக்குக் கீழே இருந்த பெண்களுக்குத்தான் திட்டத்தால் மது புதிதாகக் கைக்கெட்டியது. அதற்கு மேற்பட்ட வயதுள்ளவர்கள் முன்பும் சட்டப்படி வாங்கக்கூடியவர்கள்தான். பாதிப்பு எந்த வயதில் இருக்க வேண்டுமோ அந்த வயதில்தான் இருந்தது என்பதுதான் இந்த ஆய்வின் பலம்.

இதில் கடையின் தூரமும் வயது வரம்பும் ஒரே சமயத்தில் தளர்ந்தன. எது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. நிஜ உலகில் கடைகள் பெருகும்போதும் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. இடம் நெருங்கும்போது கண்காணிப்பும் தளர்ந்துவிடுகிறது.

பக்கத்து நாடான ஃபின்லாந்தில் 1969 ஜனவரியில் நடுத்தர வீரிய பீரை நாடெங்கும் ஆயிரக்கணக்கான மளிகைக் கடைகளில் விற்க அனுமதித்தார்கள். அதுவரை கிராமப்புறங்களில் மதுக்கடையே அபூர்வம். ஒரே ஆண்டில் பதிவான மது நுகர்வு 46 சதவீதம் ஏறியது. திசையைத் திருப்பிப் பார்க்கவும் ஒரு வாய்ப்பு வந்தது. ஸ்வீடன் 1965 முதல் மளிகைக் கடைகளில் அனுமதித்திருந்த நடுத்தர பீரை 1977 இல் அங்கிருந்து எடுத்துவிட்டது. அதன்பின் குடியால் மருத்துவமனைக்கு வரும் சிறுவயதினரின் எண்ணிக்கை குறைந்ததைப் பிந்தைய ஆய்வு காட்டியது. கூட்டும்போது கூடுகிறது, குறைக்கும்போது குறைகிறது. வரைபடப் புள்ளிகளைவிட இது எவ்வளவோ வலுவான சான்று.

## நடந்து போகும் வயது, வண்டியேறும் வயது

கலிஃபோர்னியாவில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2010 இல் ஓர் ஆய்வு வெளியானது. கடை அடர்த்தி அதிகமுள்ள பகுதியில் வாழ்ந்த பிள்ளைகளிடம் ஆரம்பத்திலேயே குடி அதிகமாக இருந்தது. ஆனால் வயது ஏற ஏற, குடிப்பழக்கம் எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்பதில் வீட்டுப் பக்கத்துக் கடைகளுக்கு அவ்வளவு பங்கு இல்லை.

இது முரண்பாடு மாதிரி தெரியும். யோசித்தால் புரியும். 14 வயதில் உலகம் என்பது நடந்தோ சைக்கிளிலோ போகக்கூடிய தூரம். அந்த வட்டத்துக்குள் என்ன இருக்கிறதோ அதுதான் எட்டும். 17 வயதில் வண்டி ஓட்டும் நண்பன் கிடைத்ததும் வட்டம் நகரம் அளவுக்கு விரிகிறது. அப்போது சொந்தத் தெருவில் கடை இருக்கிறதா இல்லையா என்பது பெரிதாகப் பொருட்டில்லை. ஆக, பக்கத்துக் கடைகள் கெடுதல் செய்வது குறிப்பாக முதல் வாய்க் குடியின் வயதைக் கீழே இழுப்பதில். எவ்வளவு சின்ன வயதில் தொடங்குகிறார்களோ அவ்வளவுக்குப் பிற்காலத்தில் மதுவால் சிக்கல் வரும் வாய்ப்பும் அதிகம் என்பதை நீண்டகால ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. தொடங்கும் வயது இரண்டு மூன்று ஆண்டு தள்ளிப்போனாலே பெரிய விஷயம்.

இன்னொன்று. கடையே இல்லாத இடத்தில் முதல் கடை வருவதும், ஏற்கெனவே இருபது கடை உள்ள இடத்தில் இருபத்தோராவது வருவதும் ஒன்றல்ல. முதல் கடை தூரத்தை ஒரேயடியாகக் குறைக்கிறது. அடுத்தடுத்த கடைகள் தூரத்தை அவ்வளவாகக் குறைப்பதில்லை. போட்டியையும் இரவு நேரக் கூட்டத்தையும்தான் கூட்டுகின்றன. இருபத்தோராவது கடையை வைத்து நடத்திய ஆய்வில் ஒன்றும் தெரியவில்லை என்பதால், முதல் கடையும் ஒன்றும் செய்யாது என்று வாதிட முடியாது.

## மிகப் பக்கத்தில் உள்ள விற்பனை இடம்

அடர்த்தி, தூரம் என்று பேசிவிட்டு வீட்டை விட்டுவிட்டால் அது நேர்மையாக இருக்காது. "வெளியில் போய்க் கண்டதைக் குடிப்பதைவிட வீட்டில் என் கண்முன்னால் கொஞ்சம் குடிக்கட்டும், பழகிக்கொள்ளட்டும்" என்று நல்ல எண்ணத்தோடு சொல்லும் பெற்றோர் பல சமூகங்களில் உண்டு. கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் தோன்றும்.

ஆஸ்திரேலியாவில் 1,927 பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். தொடங்கும்போது பிள்ளைகளுக்குச் சராசரியாக 13 வயது. 2018 இல் வெளியான முடிவில், பெற்றோர் கொடுத்துப் பழக்கியது பிள்ளைகளைக் காப்பாற்றியதற்கு எந்த அறிகுறியும் இல்லை. பெற்றோரிடமிருந்து மது பெற்ற பிள்ளைகள் அடுத்த ஆண்டு மற்றவர்களிடமிருந்தும் மது பெறும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. அளவு மீறிக் குடிப்பதும் அதிகமாக இருந்தது. வெளியே போகாமலிருக்க வீட்டில் கொடுத்தது வெளியே போவதைத் தடுக்கவில்லை.

முழு விலை என்ற கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். பணம் பூஜ்யம், தூரம் பூஜ்யம், மாட்டிக்கொள்ளும் பயமும் பூஜ்யம். எந்தக் கடையாலும் இப்படிக் கொடுக்க முடியாது. பெற்றோர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. மற்ற தடைகளெல்லாம் அரசும் கடைக்காரரும் கையில் வைத்திருப்பவை. இது ஒன்றுதான் நாளைக் காலையிலேயே நாமே மாற்றக்கூடியது.

## எதை மாற்றினால் எது மாறும்?

கடை அடர்த்திக்கு வரம்பு வைப்பது, நேரத்தைக் குறைப்பது, வரி மூலம் விலையை உயர்த்துவது, வயது வரம்பை நிஜமாகவே அமல்படுத்துவது என்பவைதான் வழக்கமாகச் சொல்லப்படும் வழிகள். உலக சுகாதார நிறுவனமும் மது கிடைப்பதைக் கட்டுப்படுத்துவதைத் தன் முதன்மையான பரிந்துரைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. இவற்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் பலன் கசிந்துவிடும். கடையைக் குறைத்துவிட்டு வயது கேட்காமல் விற்க விட்டால், மிச்சமிருக்கும் கடைகளில் கூட்டம் கூடும், அவ்வளவுதான். வயதுச் சோதனையை இறுக்கினால், பிள்ளைகள் சமூக வழிக்குத் திரும்புவார்கள். அங்கே வாங்கிக் கொடுக்கும் பெரியவர்களைப் பற்றிப் பேசியாக வேண்டும். இப்போது கைப்பேசியில் ஆர்டர் செய்தால் வீட்டு வாசலுக்கே மது வரும் நாடுகளில், கடைக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம் என்ற கணக்கே மாறிவிட்டது. வயதைச் சரிபார்க்கும் கடைசி ஆள் டெலிவரி கொண்டுவருபவர். அடுத்த ஆர்டருக்கு நேரமாகிக்கொண்டிருக்கும் அவரிடம் அந்தப் பொறுப்பை விட்டிருக்கிறோம்.

கிடைப்பதை மட்டுமே பார்ப்பதும் போதாது என்பதற்கு ஐஸ்லாந்து நல்ல உதாரணம். அங்கே 1998 இல் 15–16 வயதினரில் 42 சதவீதம் பேர் கடந்த ஒரு மாதத்தில் போதையேறக் குடித்ததாகச் சொன்னார்கள். 2016 இல் அது 5 சதவீதம். வாங்கும் வயது 20, அரசுக் கடையில் மட்டும் விற்பனை என்ற கட்டுப்பாடுகள் அந்த ஆண்டுகளில் அங்கே இருந்தன. ஆனால் இவ்வளவு பெரிய இறக்கத்துக்கு அவர்கள் செய்த மற்ற வேலைகளையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பள்ளி முடிந்த பிறகு விளையாட்டுக்கும் இசைக்கும் பண உதவி கொடுத்தார்கள். இரவு நேரத்தில் பிள்ளைகள் வெளியே சுற்றுவதற்குக் கட்டுப்பாடு வைத்தார்கள். பெற்றோர்கள் ஒருவரோடு ஒருவர் பேசி ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். ஆண்டுதோறும் பிள்ளைகளிடம் கேட்டு, ஒவ்வொரு பள்ளிக்கும் அதன் நிலவரத்தைத் திருப்பிச் சொன்னார்கள். சந்தர்ப்பக் குடிக்குச் சந்தர்ப்பமே அமையாதபடி மாலை நேரத்தை வேறு எதனாலோ நிரப்பினார்கள் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

உங்கள் பகுதியில் ஒரு கடைக்கான விண்ணப்பமோ, மூடச் சொல்லும் கோரிக்கையோ பேச்சுக்கு வந்தால் 'எத்தனை மீட்டர்' என்ற கேள்வியோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். இதற்கு முன் மிக அருகில் இருந்த கடை எது? பிள்ளைகள் பள்ளி முடிந்து நடந்துவரும் வழி எது, அந்த நேரத்தில் கடை திறந்திருக்குமா? வயது கேட்காமல் விற்றால் என்ன தண்டனை, கடைசியாக யார் வந்து சோதித்தார்கள்? வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் வசதி உண்டா, கதவைத் திறக்கும் ஆளின் வயதை யார் பார்க்கிறார்கள்? இந்தக் கேள்விகளுக்குப் பொறுப்பான அதிகாரியால் பதில் சொல்ல முடியவில்லை என்றால், அதையே முதல் ஆட்சேபமாக எழுதிக் கொடுக்கலாம்.